சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவருவது எப்படி?

மாண்புமிகு அமைச்சர் அவர்களே! நீங்கள் கேட்டது பொதுப்பணித் துறை, கிடைத்தது மக்கள் நல்வாழ்வுத் துறை என்பது கட்சியில் எல்லோருக்கும் தெரியும். மனம் தளர வேண்டாம். இங்கேயும் பெயர் எடுக்கலாம். அதற்காக மருத்துவமனை கட்டிவிடாதீர்கள். கட்டடம் எழும்ப இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதற்குள் ஆட்சி மாறினால் கல்வெட்டில் வேறொருவர் பெயர் ஏறிவிடும். டாக்டர்களை நியமித்தால் மாதா மாதம் சம்பளம் போட வேண்டும். மருந்து வாங்கப் போனால் டெண்டர், டெண்டர் என்றால் வழக்கு. சட்டத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கொஞ்சம் காகிதம், அச்சுக்கூலி, குரல் வாக்கெடுப்பில் "ஆம்" சொல்ல நாலு பேருக்குத் தொண்டை. அவ்வளவுதான் செலவு.

அதிகாரம் உண்டா என்ற சந்தேகமும் வேண்டாம். அரசியல் சாசனத்தின் 7ஆவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. டெல்லியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பணம் கேட்கத்தான் போக வேண்டியிருக்கும். அது பின்னால் வருகிறது.

இந்தக் கையேட்டுக்கு நான் பாடமாக வைத்துக்கொண்டிருப்பது ராஜஸ்தானை. 2023 மார்ச் 21ஆம் தேதி அந்த மாநிலச் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. குடிமகனுக்கு இருபது உரிமைகள், அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்ற கட்டளை, மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் ஆணையங்கள் என்று பார்க்கவே கண் நிறைந்த சட்டம். அது 2025 வரையிலும் ஒரு நோயாளியின் கையிலும் பிடிபடாமல் அரசிதழில் பத்திரமாக இருந்தது. மற்ற மாநிலங்கள் இதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

நல்ல நாள் பார்ப்பது

வாக்குறுதியைத் தேர்தல் அறிக்கையில் போடுங்கள். ஜெயித்த பிறகு மறந்துவிடுங்கள். நாலாவது வருஷம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் காங்கிரஸ் 2018 அறிக்கையில் இதைச் சொன்னது. மசோதா சபைக்கு வந்தது 2022 செப்டம்பரில். எதிர்ப்பு கிளம்பியதும் தெரிவுக் குழுவுக்குப் போனது. நிறைவேறியது 2023 மார்ச். தேர்தல் அந்த நவம்பரில். ரொம்ப முன்னாலேயே கொண்டுவந்தால் அமல்படுத்த நேரம் இருந்துவிடும். அந்த ஆபத்தை அவர்கள் தவிர்த்தார்கள்.

"இந்தியாவிலேயே முதல் மாநிலம்" என்று அறிவிக்க மறக்காதீர்கள். இதற்கு ஆதாரம் யாரும் கேட்பதில்லை. சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது. அசாம் 2010லேயே ஒரு சட்டம் போட்டு, அரசு என்றும் தனியார் என்றும் பார்க்காமல் எந்த மருத்துவமனையும் அவசர நோயாளிக்கு முதல் 24 மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று எழுதியும் வைத்தது. அசாமில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று கேட்டு அசாம்காரர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். நீங்கள் வேறு கோணத்தில் முதல் மாநிலம் என்று சொல்லிக்கொள்ளலாம். கோணங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை.

எழுதும்போது தாராளமாக இருங்கள்

உரிமைகளை எண்ணி எண்ணிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி, உள்நோயாளி, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம் என்று எழுதுங்கள். நோய் என்ன, செலவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் உரிமை. தன் மருத்துவக் குறிப்புகளையும் விவரமான பில்லையும் பெறும் உரிமை. ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கும் உரிமை. மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது என்று தானே தீர்மானிக்கும் உரிமை. எல்லாமே நியாயமானவை, யாரும் குறை சொல்ல முடியாதவை. ராஜஸ்தான் சட்டத்தில் இவை அத்தனையும் இருக்கின்றன. அந்தப் பட்டியலை எழுதிய கைகள் நல்ல கைகள் என்றே நினைக்கிறேன். அந்த மாநிலத்தின் மக்கள் நல அமைப்புகள் பல வருஷம் கேட்டுக்கேட்டு வந்த சட்டம் அது. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை.

வித்தை, பட்டியலுக்கு அடுத்த வரியில். இலவசச் சிகிச்சை உண்டு, ஆனால் விதிகளில் சொல்லப்படும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு. முன்பணம் இல்லாத அவசரச் சிகிச்சை உண்டு. விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி ஆகியவை அவசரம். மற்றபடி எது அவசரம் என்பதை மாநில ஆணையம் முடிவு செய்யும். நோயாளி பணம் கட்டாவிட்டால் மருத்துவமனைக்கு அரசு ஈடு செய்யும், விதிக்கப்படும் முறையில். என்ன கட்டணம், எத்தனை நாளில், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து? அதை எல்லாம் சட்டத்தில் எழுதி இடத்தை அடைக்கக் கூடாது.

அவசரச் சிகிச்சை மறுக்கக் கூடாது என்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது உங்களைப் பாராட்டினால் அடக்கமாகப் புன்னகைத்துவிடுங்கள். 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிர் காப்பது கடமை, போலீஸ் வரட்டும், எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1992இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. ஒன்றில் வசதி இல்லை, இன்னொன்றில் படுக்கை இல்லை. கடைசியில் கல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. பில் சுமார் 17,000 ரூபாய். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் அரசு அவருக்கு 25,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அரசிடம் காசில்லை என்பது காரணமாகாது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். அந்த வரியை நிதித்துறைச் செயலரிடம் காட்டாதீர்கள். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு.

டாக்டர்களோடு பேசுவது

முன்கூட்டியே மனம்விட்டுப் பேசிவிட்டால் போராட்டம் நடக்காது, போராட்டம் நடக்காவிட்டால் சமரசம் நடக்காது, சமரசம் நடக்காவிட்டால் சட்டம் முழு உடம்போடு உயிர் பிழைத்துவிடும். ஆகவே தெரிவுக் குழுவில் கேட்டதுபோல் கேட்டுவிட்டு, கடைசி நேரத்தில் நிறைவேற்றுங்கள்.

ஜெய்ப்பூரில் தனியார் டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள். போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சியது. தனியார் மருத்துவமனைகள் கதவைச் சாத்தின. கூட்டம் முழுவதும் சவாய் மான்சிங் போன்ற அரசு மருத்துவமனைகளை நோக்கித் திரும்பியது. மார்ச் கடைசியில் ஒரு நாள் அரசு டாக்டர்களும் விடுப்புப் போட்டார்கள். அதாவது, சிகிச்சை மறுக்கக் கூடாது என்ற சட்டத்தின் முதல் விளைவு, இரண்டு வாரத்துக்கு மேல் சிகிச்சை கிடைக்காதது.

டாக்டர்கள் சொன்னதில் பாதி நியாயம்தான். எது அவசரம் என்று எழுதாமல் எப்படி இலவசம் என்று எழுதினீர்கள் என்று கேட்டார்கள். கண் மருத்துவமனை வாசலில் நெஞ்சு வலிக்காரர் வந்து விழுந்தால் நாங்கள் என்ன செய்ய என்று கேட்டார்கள். அரசு பணம் தரும் என்கிறீர்களே, எப்போது என்று கேட்டார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த எந்த நர்சிங் ஹோம்காரருக்கும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். மிச்சப் பாதி நியாயமில்லை. விவரமான பில் கொடு என்றால் கூட வலிக்கிறது என்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நியாயமான பாதிக்கு விதிகளில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது அது அல்ல. மொத்தப் பேரையும் சட்டத்திலிருந்து இறக்கிவிடுவதுதான்.

2023 ஏப்ரல் 4 அன்று எட்டு அம்ச ஒப்பந்தம் கையெழுத்தானது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. அரசிடமிருந்து சலுகை விலையில் நிலமோ கட்டடமோ வாங்காத தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு. மிஞ்சியவை தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், அரசோடு கூட்டில் நடப்பவை, அரசு நிலம் வாங்கியவை. போராட்டத்தில் போட்ட போலீஸ் வழக்குகள் வாபஸ். தீயணைப்புத் தடையில்லாச் சான்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். (சுகாதார உரிமைக்கும் தீயணைப்புச் சான்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது மரபில்லை.) இனி விதிகளில் மாற்றம் என்றால் இந்திய மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகளோடு கலந்து பேச வேண்டும்.

இனிப்புப் பரிமாறப்பட்டது. சபை நிறைவேற்றிய சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அது யாரைத் தொடும் என்பது மட்டும் ஒரு தாளில் மாறியது. சட்டத்தைத் திருத்தச் சட்டமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது உங்களுக்கு ஞாபகம் வந்தால், பேசாமல் இருந்துவிடுங்கள்.

இதற்கு முன்மாதிரி கர்நாடகம். 2017இல் அங்கே சுகாதார அமைச்சர் ரமேஷ் குமார், தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்குக் கடிவாளம் போடும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். நவம்பரில் டாக்டர்கள் வேலையை நிறுத்தினார்கள். முடிவில் கூடுதல் கட்டணத்துக்குச் சிறை என்ற பிரிவு போய்விட்டது. மசோதா நிறைவேறியது, டாக்டர்களும் திரும்பினார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். நோயாளிகள் சங்கம் என்று ஒன்று இல்லாதது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

அபராதம் பற்றி ஒரு வரி. ராஜஸ்தான் சட்டத்தில் முதல் தவறுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த தவறுக்கு 25,000 வரை. ஒரு பெரிய மருத்துவமனையின் ஒரு நாள் ஐ.சி.யூ. பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர்

சில மாநிலங்களில் ஆளுநர் மாளிகையே பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் சபை மறுபடி நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவரிடம் போனது. ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சபையில் அறிவித்தார். இப்படி ஒரு வாய்ப்பு அமைந்தால் உங்களுக்குக் கவலையே இல்லை, பழியை எதிர்வீட்டில் போட்டுவிடலாம். ராஜஸ்தானில் அன்றைய முதலமைச்சர் கெலாட்டின் அரசுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மாற்றுக் கட்சிக்காரரான ஆளுநர் கல்ராஜ் மிஸ்ரா ஏப்ரலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி எல்லாம் துறையின் கையில்தான் என்றாகிவிட்டது. எவ்வளவு சங்கடமான நிலைமை!

விதிகளை எழுதாமல் இருப்பது

இந்தக் கையேட்டில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். சட்டத்தை எதிர்ப்பவன் சபையில் எதிர்த்துத் தோற்கிறான். கெட்டிக்காரன் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு, விதிகளுக்கான கோப்பை மேசையில் வைத்துக்கொள்கிறான்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். ராஜஸ்தானில் ஒரு சின்ன ஊர். ராத்திரி 2 மணி. கம்பங்கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜி.ஹெச். நாற்பது கிலோமீட்டர், இந்தத் தனியார் மருத்துவமனை நாலு கிலோமீட்டர். ரிசப்ஷனில் இருக்கும் பெண் நல்ல பெண். சட்டப் புத்தகமும் கையில் வைத்திருக்கிறாள். பார்க்கிறாள். பாம்புக்கடி அவசரமா? ஆமாம், பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. முன்பணம் கேட்கக் கூடாதா? கூடாது. நம் மருத்துவமனை இதில் வருமா? படுக்கை 48. ஒப்பந்தப்படி வராது. ஆனால் ஒப்பந்தம் சட்டப் புத்தகத்தில் இல்லையே? தெரியவில்லை. விஷமுறி மருந்து எத்தனை குப்பி ஏற்றினால் அரசு எத்தனைக்குக் காசு தரும்? எழுதவில்லை. எந்தப் படிவம்? இல்லை. யாருக்கு அனுப்புவது? மாவட்ட ஆணையத்துக்கு என்று வைத்துக்கொண்டால், அதன் ஆபீஸ் எங்கே? அவள் மேனேஜருக்குப் போன் போடுகிறாள். மேனேஜர் தூக்கக் கலக்கத்தில், எப்போதும் சொல்வதையே சொல்கிறார்: "முதல்ல அட்வான்ஸ் கட்டச் சொல்லும்மா."

அந்தப் பெண்ணின் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுவதற்குப் பெயர்தான் விதிகள். கட்டணப் பட்டியல், படிவம், கெடு, பணம் வரும் வழி, சேரும் மருத்துவமனைகளின் பெயர். எழுதிவிட்டால் நிதித்துறை ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் அது ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் வந்து நிற்கும். ஆகவே எழுதக் கூடாது. கெலாட் அரசுக்கு ஏப்ரல் முதல், தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த அக்டோபர் 9 வரை ஆறு மாதம் இருந்தது. தேர்தல் ஆணையத்தின் விதிகள் வந்தன, சுகாதார உரிமையின் விதிகள் வரவில்லை. டிசம்பரில் ஆட்சி மாறியது. பாரதிய ஜனதா அரசுக்கு, முந்தின ஆட்சியின் பிள்ளையைப் படிக்கவைக்க என்ன தலையெழுத்து? காப்பீட்டுத் திட்டம் இருக்கும்போது இது எதற்கு என்ற பேச்சு வந்தது. 2025லும் நிலைமை அதேதான்.

இந்தக் கலையில் ராஜஸ்தான் மாணவன்தான். குரு வேறு இடத்தில் இருக்கிறார். தமிழ்நாடு தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்தும் சட்டத்தை 1997இல் நிறைவேற்றியது. விதிகள் வந்தது 2018இல். சட்டம் வந்த வருஷம் பிறந்த பிள்ளை நன்றாகப் படித்திருந்தால், விதிகள் வரும்போது எம்.பி.பி.எஸ். நாலாம் வருஷத்தில் இருந்திருக்கும். இரண்டு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆண்ட அந்த 21 வருஷத்தில் எதில் ஒற்றுமை இருந்ததோ இல்லையோ, இதில் இருந்தது.

மத்திய அரசும் சளைத்ததல்ல. 2010இல் மருத்துவ நிறுவனங்கள் சட்டம். 2012இல் விதிகள், மாநிலங்களோடு கலந்து பேசி மத்திய அரசு நிர்ணயிக்கும் கட்டண வரம்புக்குள்தான் மருத்துவமனைகள் வசூலிக்க வேண்டும் என்று 9ஆவது விதி. கலந்து பேசுவது 2024 வரை முடியவில்லை. மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கு 10,000 ரூபாய்க்குள் முடிகிற கண்புரை அறுவைக்குத் தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை ஆகிறது என்பது வழக்குப் போட்டவர்களின் கணக்கு. நீங்கள் நிர்ணயிக்காவிட்டால் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் கட்டணத்தையே எல்லோருக்கும் வைத்துவிடுவோம் என்று 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் எச்சரித்தார்கள். இதற்கும் பயப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு வரும் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருங்கள், போதும். கூட்டாட்சி என்பது அதுதான்.

பெயர்ப் பலகை

நேரம் கிடைக்கும்போதெல்லாம் பெயரை மாற்றுங்கள். ஆந்திராவில் 2007இல் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ. தெலுங்கு தேசம் வந்ததும் என்.டி.ஆர். வைத்ய சேவா. 2019இல் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ. 2024இல் மறுபடி என்.டி.ஆர். வைத்ய சேவா. நோயாளிக்கு அதே சிறுநீரகம், அதே கல். அட்டையில் மட்டும் படம் வேறு. ராஜஸ்தானில் 2021இல் தொடங்கிய சிரஞ்சீவி காப்பீட்டுத் திட்டம், 5 லட்சத்திலிருந்து 10, 10இலிருந்து 25 லட்சம் என்று வளர்ந்து, 2024இல் ஆயுஷ்மான் ஆரோக்ய என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. சிரஞ்சீவி என்று பெயர் வைத்ததற்கு மூன்று வருஷ ஆயுள்.

டெல்லிக்குப் பணம் கேட்கப் போவது பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். பஞ்சாபில் சுகாதார நிலையங்களின் பெயரை ஆம் ஆத்மி கிளினிக் என்று மாற்றினார்கள். எங்கள் பெயர் எங்கே என்று கேட்டு மத்திய அரசு தேசிய சுகாதார இயக்கத்தின் பணத்தை நிறுத்திவைத்தது. மேற்கு வங்கத்தில் சுவரின் நிறத்துக்கே சண்டை நடந்தது. சொன்ன நிறத்தில் அடிக்கவில்லை என்று பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று மம்தா பானர்ஜி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கேரளம் கொஞ்ச காலம் முறைத்துவிட்டு, 2024இல் ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர் என்ற பலகையை மாட்டிக்கொண்டது. அந்தச் சுகாதார நிலையத்துக்குக் காய்ச்சலோடு வந்தவர்களில் எத்தனை பேர் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

கெட்ட சகவாசம்

சிலரைப் பார்த்து நீங்கள் கெட்டுப் போகக் கூடாது. மேற்கு வங்கத்தில் 2017இல் மம்தா பானர்ஜி பெரிய தனியார் மருத்துவமனைக்காரர்களை டவுன் ஹாலுக்கு வரவழைத்து, தொலைக்காட்சி கேமராக்கள் முன்னால் ஒவ்வொரு பில்லாகக் கேட்டார். அது நல்ல காட்சி, அதைச் செய்யலாம். ஆனால் அதோடு நிறுத்தாமல் அதே வருஷம் சட்டம் போட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு ஆணையத்தையும் வைத்தார். அது கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவும் போட ஆரம்பித்துவிட்டது. கேரளம் 2018இல் போட்ட சட்டத்தில் கட்டணத்தை எழுதி மாட்டு என்றது. மருத்துவமனைக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பாருங்கள், கொஞ்சம் அசந்தால் சட்டம் அமலாகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட மோசமான உதாரணம் தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவு. முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை, பிறகு இரண்டு லட்சமாக உயர்ந்தது. எந்த மாநிலத்துக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. எந்தெந்த மருத்துவமனை என்று பட்டியல் இருக்கிறது, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று தொகை இருக்கிறது. அந்த ராஜஸ்தான் ரிசப்ஷன் பெண் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் முன்னாலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது. இதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை, எட்டு அம்ச ஒப்பந்தமும் இல்லை. தனியார் மருத்துவமனைகள் தாமாக வந்து சேர்ந்தன. காசு வரும் என்றால் வருவார்கள்தானே.

ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். அது சட்டம் இல்லை, அரசாணைதான். நாளைக்கு இன்னொரு அரசாணையால் அதை மடித்து வைத்துவிடலாம். கிடைக்காதவன் உரிமை என்று வழக்காட வழியில்லை. விபத்துக்குத்தான் அது, பைக்கில் போகும்போதே மாரடைப்பு வந்தவர் வேறு கவுண்டருக்குப் போக வேண்டும். ஆக, ஒரு மாநிலத்தில் உரிமை இருக்கிறது, பணம் இல்லை. இன்னொன்றில் பணம் இருக்கிறது, உரிமை இல்லை. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கட்டிவிடலாமே என்று உங்கள் துணைச் செயலர் யாராவது குறிப்பு எழுதினால், உடனே அவரைக் கால்நடைத் துறைக்கு மாற்றிவிடுங்கள்.

ராஜஸ்தானிலேயே இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. இதே கெலாட் முந்தின முறை முதலமைச்சராக இருந்தபோது, 2011 அக்டோபர் 2ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கினார். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்து, மருந்தை மொத்தமாக வாங்கிக் கிடங்கு வைத்து அனுப்ப அங்கேயும் ஒரு கழகம் அமைத்தார்கள். உரிமை என்று பெரிதாகப் பெயர் வைக்கவில்லை. கிடங்கு, லாரி, மாத்திரை, கணினியில் இருப்புக் கணக்கு. நடுவில் ஐந்து வருஷம் எதிர்க்கட்சி ஆட்சி வந்தபோதும் அதை நிறுத்த முடியவில்லை. ஒருமுறை ஓ.பி. சீட்டோடு போய் ஜன்னலில் மாத்திரை வாங்கிப் பழகிய ஜனங்களை ஏமாற்றுவது கஷ்டம். கிடைக்காத உரிமையை யாரும் வந்து கேட்பதில்லை. கிடைத்துக்கொண்டிருந்த பாராசிட்டமால் ஒரு வாரம் வராவிட்டால் சாலை மறியல்.

பதவி போன பிறகு

இதையும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் வரும் நாள்தான். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்ததும் உங்கள் சட்டத்தின் மேல் உங்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கும். பொங்கட்டும். ஜெய்ப்பூரிலும் அப்படித்தான், புதிய அரசு சுகாதார உரிமைச் சட்டத்தை அமல்படுத்தவில்லை என்று கெலாட் குற்றம் சாட்டிக்கொண்டே இருந்தார். நீங்களும் கேள்வி நேரத்தில் எழுந்து, விதிகள் எப்போது வரும் என்று கேளுங்கள். ஆறு மாதம் உங்கள் மேசையிலேயே இருந்த கோப்பு என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர்களும் எழுத வேண்டிவரும். பரிசீலனையில் இருக்கிறது என்று அமைச்சர் பதில் சொல்வார். திருப்தியில்லை என்று கோஷம் போட்டு வெளிநடப்புச் செய்யுங்கள். வெளியே மைக்கோடு நிருபர்கள் நிற்பார்கள்.